நெயில் டிரெயினர் ஆக என்ன வழி? வேலூர்ப் பக்கம் யாராவது சொல்லுங்களேன்

வணக்கம் அக்காங்களே, தங்கச்சிங்களே. சத்துவாச்சாரியில் சின்னதாக பார்லர் வைத்திருக்கிறேன். ஜெல், அக்ரிலிக் இரண்டும் போடுவேன். முகூர்த்த மாதங்களில்தான் கூட்டம். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊரில் வருஷம் முழுக்க யார் நீள நகம் வைப்பார்கள்!

குடியாத்தம், ராணிப்பேட்டையிலிருந்து பெண்கள் வந்து கற்றுக்கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கும் ஆசைதான். முறையாகப் பயிற்சியாளர் ஆக, பியூட்டி அண்ட் வெல்னஸ் செக்டர் ஸ்கில் கவுன்சில் சான்றிதழ் வாங்குவதா, ஏதாவது ஜெல் பிராண்டுக்கு எஜுகேட்டராகப் போவதா? பிராண்ட் என்றால் பாடத்தைவிட பாட்டில் விற்பதுதான் முக்கியமாகிவிடுமோ என்று சந்தேகம்.

டிசைனை யூடியூபிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வேறு. தோலில் வழிந்த ஜெல்லைத் துடைக்காமல் கையை, அதை உறைய வைக்கும் லேம்புக்குள் வைக்கக் கூடாது. சரியாக உறையாத ஜெல்லில் இருக்கும் ஹெமா (HEMA) என்ற ரசாயனம் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் அலர்ஜி வரலாம். வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும், அப்புறம் சில பல் ஃபில்லிங்கூட ஒத்துக்கொள்ளாது. ஜெல்லை உறைய வைக்க உதவும் டிபிஓ (TPO) என்ற ரசாயனத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் தடை செய்துவிட்டது. நம் கடைகளில் லேபிளையே யாரும் படிப்பதில்லை.

வகுப்பு எடுத்து அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: ஒரு பேட்சுக்கு எத்தனை பேர் வைக்கலாம்? கிட் நாம் கொடுப்பதா, அவர்களே வாங்குவதா? சென்னையில் யாரிடமாவது உதவியாளராக இருந்து பழக வழியிருந்தாலும் சரி, வாரத்தில் ஒரு நாள் காட்பாடியில் ரயில் ஏறி வந்துவிடுவேன்.