குழந்தை நல மருத்துவராக விரும்புகிறேன், வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். மருத்துவப் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். மேற்படிப்பில் குழந்தை நலத்தைத் தேர்ந்தெடுக்க உறுதியாக எண்ணியிருப்பதால், இத்துறையில் பணிபுரிபவர்களின் ஆலோசனையைக் கேட்டு இதை எழுதுகிறேன்.

பாடங்களை ஓரளவு படித்துவிட முடிகிறது. நிமிடத்துக்கு 50 முறை மூச்சுவிடுவது பிறந்து ஒரு மாதமான சிசுவுக்கு இயல்பு என்றும், அதுவே மூன்று வயதுக் குழந்தைக்கு வேகமான மூச்சு என்றும், மருந்தின் அளவை உடல் எடையைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்றும் அறிவேன். எனக்குக் கடினமாக இருப்பது குழந்தையைத் தொட்டுப் பரிசோதிப்பதுதான். தாயின் மடியில் அமைதியாக இருக்கும்போதே நெஞ்சொலியைக் கேட்டுவிட்டு, அழ வைக்கக்கூடிய தொண்டை, காதுப் பரிசோதனைகளைக் கடைசிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள். ஆனால் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டதுமே வீறிட்டு அழும் குழந்தையின் இதய ஒலியை எப்படித்தான் பிரித்துக் கேட்பது?

பயிற்சி மருத்துவராகும்போது, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதல் நாட்கள் கேட்டுப் பெறுவது நல்லதா, புறநோயாளிகள் பிரிவில் பல வகைக் குழந்தைகளைப் பார்ப்பது நல்லதா? இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்க வைப்பது இன்னொன்று. பிழைப்பது அரிது என்ற நிலையிலுள்ள குழந்தையின் பெற்றோரிடம், நம்பிக்கையைப் பறிக்காமலும் பொய்யாக வளர்க்காமலும் பேச நீங்கள் எவ்வாறு கற்றுக்கொண்டீர்கள் என்பதை விரிவாக எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.