தங்கை திருமணத்துக்கு நாமே படம் எடுத்தால் போதாதா?

தங்கையின் அண்ணன் (உசிலம்பட்டி)
ஆவணியில் தங்கைக்குத் திருமணம். திருப்பரங்குன்றத்தில் மண்டபம், காலை 6 மணியிலிருந்து 7.30 வரை முகூர்த்தம். படத்துக்கும் வீடியோவுக்கும் சேர்த்து ஒருவர் 65,000 ரூபாய் கேட்கிறார். நகைக்கு வாங்கிய கடனே தலைக்கு மேல் நிற்கிறது. என்னிடம் பழைய கேமரா ஒன்று 50 மி.மீ. லென்ஸோடு இருக்கிறது. சித்தப்பா மகன்கள் இருவரிடமும் நல்ல செல்பேசி உண்டு. நாங்களே எடுத்துவிடலாம் என்கிறேன். அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கீழமாசி வீதி
முப்பது ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தி மூடியவன் நான். எந்தப் பக்கம் பேசுவேன் என்பது உங்களுக்கே தெரியும். தாலி கட்டுவது சில விநாடி வேலை. கெட்டிமேளம் கேட்டதும் முன்வரிசை முழுக்க எழுந்துவிடும், அட்சதை பறக்கும், மாப்பிள்ளையின் முழங்கை பெண்ணின் முகத்தை மறைக்கும், பின்னால் நாத்தனார் முடிச்சுப் போடக் குனிவார். அப்போது எங்கே நிற்பது என்பது பல நூறு மேடை ஏறிய காலுக்குத்தான் தெரியும். கேமரா யாரிடமும் இருக்கும். அம்மா சொல்வதைக் கேளுங்கள்.

மேலூர் மருமகள்
ஐயா, அந்தக் கால்கள்தான் என் திருமணத்தில் பெரிய தொல்லை. மேடையில் நான்கு பேர், உயரமான இரண்டு விளக்குகள், ஒரு வெள்ளைக் குடை. முன்வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்த என் அப்பத்தா கடைசிவரை பார்த்தது நான்கு முதுகுகளை. கட்டிய தாலியை மறுபடி பிடித்துக்கொண்டு சிரிக்கும்படி மாப்பிள்ளையிடம் வேறு சொன்னார்கள். ஆல்பம் வர ஏழு மாதம் ஆனது. அதில் பாதிப் பக்கங்களில், நாங்கள் இருவரும் கண்ணால்கூடக் காணாத ஏதோ ஓர் அருவி பின்னால் கொட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது என் தம்பி செல்பேசியில் எடுத்த படம். பந்தி முடிந்து, மாலைகளைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஒரு டம்ளர் பாயசத்துக்கு நாங்கள் இருவரும் மல்லுக்கட்டுகிறோம்.

ஒத்தக்கடை
அக்கா, உங்கள் தம்பி கொடுத்துவைத்தவர். என் அண்ணன் திருமணத்தில் நான்தான் படப் பொறுப்பு. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், என் செல்பேசி அலறுகிறது. சமையல்காரர்! அப்பளம் பொரிக்க எண்ணெய் போதாதாம். வீடியோ நின்றுவிட்டது. அழைப்பைத் துண்டித்து மீண்டும் கேமராவைத் திறப்பதற்குள் குங்குமம் வைத்தாயிற்று. இன்றைக்கும் அப்பளம் பொரிக்கும் நாளில் அண்ணி என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

மேலூர் மருமகள்
விமானப் பயன்முறை என்று ஒன்று எதற்கு இருக்கிறது, தம்பி? முதல் நாள் இரவே பழைய படங்களை அழித்து இடம் ஒதுக்கி, லென்ஸை வேட்டி நுனியால் துடைத்து வைத்தால் போதும். எண்ணெய்க் கையோடு தொட்ட செல்பேசியில் எல்லா முகமும் பனிமூட்டத்தில் நிற்கும்.

கீழமாசி வீதி
பிடிவாதமாக நீங்களே எடுப்பதானால் இதையாவது கேளுங்கள். ஆவணியில் காலை 6 மணிக்குப் பொழுது அப்போதுதான் புலரும். மண்டபத்துக்குள் விளக்கு வெளிச்சம்தான் கதி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/500 விநாடி என்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழலாம், அடுத்தடுத்த படங்களில் நிறமும் மாறும். 1/100 போதும். கேமரா ஒளியை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு மேல் ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தை வைத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தை என்ன செய்வது? ஓமப் புகை எழும்போது ஃபிளாஷ் அடித்தால் புகைதான் பளிச்சென்று விழும், பெண் தெரியமாட்டாள்.

செல்பேசிக்காரர்கள் பெண்ணின் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு, கொஞ்சம் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் தலையில் இருப்பது மல்லிகைச் சரமா, பஞ்சா என்று சொல்ல முடியாது. மதுரையில் திருமணம் செய்துவிட்டு மல்லிகை தெரியாத படமா!

இவ்வளவும் சொன்னேனே தவிர, என் கருத்து மாறவில்லை.

தங்கையின் அண்ணன்
1/100, குறித்துக்கொண்டேன் ஐயா. தாலி கட்டும்போது கேமரா என் கையில்தான் இருக்கும்.

திருநகர் வாசகி
அங்கேதான் தப்பு செய்கிறீர்கள், தம்பி. மீனாட்சியம்மன் கோவில் கம்பத்தடி மண்டபத்தில் திருக்கல்யாணச் சிற்பத்தை நின்று பார்த்திருக்கிறீர்களா? (2018இல் வீர வசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு செல்பேசிக்குத் தடை, ஆகவே நிதானமாகப் பார்க்க முடிகிறது.) மூன்றே பேர். திருமால் தாரை வார்க்கிறார், சொக்கர் கையில் மீனாட்சியின் கை, அவள் முகத்தில் நாணம். கூட்டம் இல்லை, குடை இல்லை, மூன்று பேரின் கைகளும் ஓரிடத்தில் கூடுகின்றன. அந்தச் சிற்பிக்கு எதை விட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அண்ணன் அதில் உள்ளே நிற்கிறார். நீங்கள் கேமராவுக்குப் பின்னால் நின்றீர்களானால், தங்கை கல்யாணத்தைப் பார்க்காமலே ஆற்றோடு திரும்பிய அழகர் கதைதான்.

ஒத்தக்கடை
ஒரு திருத்தம். அழகர் தாமதமாக வந்தது நாட்டார் கதை. கோவில் வழக்கப்படி திருப்பரங்குன்றத்துப் பவளக் கனிவாய்ப் பெருமாள் ஆண்டுதோறும் மதுரைக்கு எழுந்தருளித் தாரை வார்க்கிறார். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

திருநகர் வாசகி
குழப்பவில்லை. இரண்டிலும் அண்ணன் கையில் கேமரா இல்லை.

மேலூர் மருமகள்
இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சித்தப்பா மகன்களும் சரிப்படமாட்டார்கள். ஒருவனைப் பந்திக்கு இழுப்பார்கள், இன்னொருவனை மொய் எழுத உட்கார வைப்பார்கள். மாமன் மகன் என்றால் சீர்த்தட்டைத் தூக்க வேண்டும். அன்றைக்கு யாருமே பெயர் சொல்லிக் கூப்பிடாத ஓர் ஆள் வேண்டும்.

கீழமாசி வீதி
அப்படி ஓர் ஆளைத்தான் அம்மா, காசு கொடுத்துக் கூப்பிடுகிறார்கள்.

தங்கையின் அண்ணன்
இரண்டு நாளாக யோசித்து ஒருவரைப் பிடித்துவிட்டேன். தங்கையோடு வேலை பார்க்கும் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாமநத்தம் கண்மாயில் பறவைகளைப் படம் எடுப்பவர். உறவு கிடையாது, சீர் கிடையாது. வீடியோ வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அவருக்குப் பணத்துக்குப் பதில் ஒரு பட்டுச்சேலை. அம்மா முகம் பாதி இறங்கியிருக்கிறது.

கீழமாசி வீதி
பறவை எடுப்பவரா? பறவையிடம் "இங்கே பார், சிரி" என்று சொல்ல முடியாது, அதுவரை நல்லது. நீளமான லென்ஸ் வைத்திருப்பார், அதனால் மேடைக்குப் பக்கத்தில் வரவே தேவையில்லை, யார் வீட்டு அப்பத்தாவையும் மறைக்கமாட்டார். ஆனால் அவர் கை 1/2000இல் பழகிய கை, அந்த லென்ஸும் இருட்டுக்கு ஆகாது. முதல் நாள் மாலையே மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், எல்லா விளக்கையும் போட்டு, உங்கள் 50 மி.மீ.யையும் கையில் கொடுத்து, 1/100இல் நாலு படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.