குழந்தை தூங்கியபின் ஆட இலவச கேம் இருக்கிறதா?

கேள்வி: மகளுக்கு மூன்று வயது. விளக்கை அணைத்தால்தான் அவளுக்குப் பேச்சே ஆரம்பிக்கிறது. தண்ணீர், கதை, மறுபடி தண்ணீர் என்று இழுத்தடித்து அவள் கண் அசருவதற்குள் எனக்கே தூக்கம் வந்துவிடுகிறது. சீக்கிரம் தூங்க வைக்க வழி உண்டா? அப்புறம், பழைய லேப்டாப்பில் ஓடுகிற இலவச கேம் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: மதியம் எவ்வளவு நேரம் தூங்குகிறாள்? 3 முதல் 5 வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்தே 10 முதல் 13 மணி நேரம்தான் தேவை. சாயங்காலம்வரை தூங்கவிட்டால் இரவில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டுதான் இருப்பாள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவி, போன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

கேட்டவர்: ஐந்து மணிவரை தூங்குவாள், எழுப்பினால் ஒரே அழுகை.

பதில்: ஒரேயடியாக வேண்டாம், பத்து நிமிடம் பத்து நிமிடமாகக் குறையுங்கள்.

இன்னொருவர்: கேமுக்கு 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' பாருங்கள். ஓப்பன் சோர்ஸ் (அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), முழுக்க இலவசம், முறை வைத்து ஆடுவது என்பதால் நடுவில் "அம்மா" என்று குரல் கேட்டால் அப்படியே போட்டுவிட்டு ஓடலாம். எபிக் ஸ்டோர் என்கிற ஆன்லைன் கேம் கடையில் வாராவாரம் இலவச கேம் தருவார்கள், ஆனால் பாதி உங்கள் லேப்டாப்பில் திணறும்.

கேட்டவர்: சரி, இறக்கிக்கொண்டிருக்கிறேன். சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஆடலாம்தானே?

இன்னொருவர்: தாராளமாக.