மொரிஷியஸில் புயல் நிவாரணப் பட்டியலைச் சுவரில் ஒட்டலாமா?

தோட்டக்காரன் மகன், ஃபிளாக்:
புயலில் பயிர் போனால் அரசாங்கம் அர்ப்பான் கணக்கில் (ஏக்கர் மாதிரிதான்) காசு தருகிறது. யாருக்கு எவ்வளவு என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? 2024 ஜனவரி 15இல் பெலால் புயல் வந்தபோது காவடிக்குப் பத்தே நாள். நோன்புக் காலம், காய்க்கு நல்ல விலை. அப்பாவின் சௌசௌ பந்தல் முழுக்கத் தரையில் கிடந்தது. பார்வையிட ஆள் வந்தது ஒன்பதாம் நாள். அதற்குள் கொடியை வெட்டி ஒதுக்கி, புதுக் கம்பு நட்டுவிட்டோம். "சேதம் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு வருடமாகப் புல் மண்டிக் கிடந்த பக்கத்து நிலத்துக்குக் காசு வந்ததாகப் பேச்சு. பட்டியல் இருந்தால் பேச்சுக்கு வேலை இல்லை.

ரோஸ்ஹில் செல்வி:
தம்பி, நடந்தது அநியாயம்தான். ஆனால் பட்டியல் போட்டால் அதில் அப்பா பெயர் இருக்காது, அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் வந்தவர் மூன்றாம் நாளே வந்துவிடுவாரா? தனிநபர் விவரங்களைக் காக்கும் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. அரை அர்ப்பானில் கீரை போடும் ஒரு விதவைக்கு வந்த காசை முதலில் பார்ப்பவன் மளிகைக் கடைக்காரன். மறுநாளே பழைய பாக்கி என்று வாசலில் நிற்பான்.

வடக்குக் கரும்பு:
கரும்பை இதில் இழுக்காதீர்கள். எங்களுக்கு 1946 முதல் காப்பீட்டு நிதி இருக்கிறது. பிரிமியம் கட்டுகிறோம், புயலோ வறட்சியோ விளைச்சலைச் சாய்த்தால் இழப்பீடு வாங்குகிறோம். என் வண்டி இன்சூரன்சில் எவ்வளவு வாங்கினேன் என்று உங்களிடம் காட்டுவேனா?

தோட்டக்காரன் மகன்:
அண்ணா, சிறு விவசாயிக்குப் பிரிமியம் தள்ளுபடியான வருடங்களும் உண்டே. அப்போது அது யார் வீட்டுப் பணம்? செல்வி அக்கா, பக்கத்துப் பிரெஞ்சுத் தீவு ரீயூனியனைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதால், விவசாய மானியம் வாங்குகிறவர் பெயர், ஊர், தொகை எல்லாம் வெளியே வருகிறது. அங்கே யார் மானம் போய்விட்டது?

ரோஸ்ஹில் செல்வி:
பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். தனிநபர் பெயரை வகைதொகை இல்லாமல் போடுவது அத்துமீறல் என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமே தடுத்தது. அப்புறம் விதியை மாற்றினார்கள். இப்போது 1250 யூரோ வரை வாங்குகிறவர் பெயர் வராது. மற்றவர் பெயரும் இரண்டு வருடம்தான் இருக்கும். அப்படி ஒரு கோடு கிழித்தால் எனக்கும் சரி. எஸ்டேட் பெயர் வரட்டும், கீரைக்காரி பெயர் வேண்டாம்.

பழைய சர்தார் (தோட்ட மேற்பார்வையாளர்):
கோடு கிழித்தால் அதற்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்வார்கள் அம்மா. ஐந்து அர்ப்பானைப் பிள்ளைகள் பேரிலும் மாமியார் பேரிலும் கூறு போட நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அமெரிக்காவில் ஒரு தனியார் அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தை வைத்துக் கணக்கைக் கேட்டு வாங்கி, 1995 முதல் யாருக்கு எவ்வளவு என்று இணையத்தில் போட்டிருக்கிறது. இங்கே அந்தச் சட்டத்தைத் தேர்தல் வாக்குறுதியாகவே கேட்டுக் கேட்டு எனக்குத் தலை நரைத்துவிட்டது.

என்னைக் கேட்டால், காசு போன பிறகு பட்டியல் வந்து என்ன? கொடுப்பதற்கு முன்னால் பெயர், பயிர், அர்ப்பான் மூன்றையும் எழுதி வில்லேஜ் ஹால் சுவரில் ஒரு வாரம் ஒட்டுங்கள். தொகை வேண்டாம். அங்கே இருந்தது புல்லா பந்தலா என்று வழியில் போகிறவனுக்கே தெரியும்.

ரோஸ்ஹில் செல்வி:
வேலித் தகராறு உள்ளவனும் அந்தச் சுவரைத்தான் படிப்பான் ஐயா.

பழைய சர்தார்:
படிக்கட்டும். கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுக்கட்டும். மொட்டைக் கடிதம் குப்பைக்கு.

வடக்குக் கரும்பு:
ஒரு வாரம் ஒட்டினால் பணம் ஒரு மாதம் தள்ளிப் போகும். நம் அலுவலகங்களைத் தெரியாதா?

தோட்டக்காரன் மகன்:
எங்களுக்கு வரவே இல்லை அண்ணா, தள்ளிப் போக என்ன இருக்கிறது? சர்தார் ஐயா, ஒட்டுகிற தாளில் இன்னொரு கட்டமும் போடச் சொல்லுங்கள்: பார்வையிட ஆள் எந்தத் தேதியில் வந்தார் என்று.