டாடா 2518 லாரி, கம்மின்ஸ் 6பிடி இன்ஜின்: இருக்கிற இன்ஜினுக்கே வேலை பார்க்கலாமா, வேற இன்ஜின் மாத்தலாமா?

வண்டிக்காரர்:
5.9 லிட்டர் இன்ஜின், 9 லட்சம் கி.மீ. தாண்டியாச்சு. முன்னாடி ஒரு தடவை போர் போட்டு (சிலிண்டர் துளையைக் கடைஞ்சு பெருசாக்கி) 0.5 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் ஏத்தியிருக்கு. இப்ப 1000 கி.மீ.க்கு 3 லிட்டர் ஆயில் குடிக்குது. பிரீதரில் (இன்ஜின் உள்காத்து வெளியேறும் குழாயில்) பேக் கம்ப்ரஷன், அதாவது உள்ளேயிருந்து காத்தும் புகையும், அடிக்குது, லோடோட மேடு ஏற மாட்டேங்குது. சூட்டில் ஐடில் ஆயில் பிரஷர் 12 பிஎஸ்ஐ. எது சரிங்கண்ணா?

டீசல் மெக்கானிக்:
தம்பி, இறக்கறதுக்கு முன்னாடி பேக் கம்ப்ரஷன் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. ஏர் கம்ப்ரசர் ரிங் போனாலும் காத்து சம்புக்குள்ளதான் (அடியில் ஆயில் நிக்கிற தொட்டி) இறங்கும். வண்டியை நிறுத்தி, கம்ப்ரசர் டெலிவரி பைப்பைக் கழட்டிட்டு இன்ஜினை ஓட்டுங்க. பிரீதர் அடங்கினா குத்தம் அங்கதான். டர்போ சீல் போனாலும் இதே மாதிரி அடிக்கும், ஷாஃப்ட் ஆட்டத்தைக் கையால ஆட்டிப் பாருங்க.
12 பிஎஸ்ஐ எல்லைக்குள்ளதான் (ஐடிலில் குறைந்தது 10, ஃபுல் ரேஸில் 30), ஆனா ஒட்டி நிக்குது. மீட்டரை நம்பாம தனி கேஜ் வெச்சு அளங்க.

லேத் பட்டறை:
இந்த பிளாக்கில் தனி லைனர் கிடையாது, பிளாக்கேதான் போர். ஸ்டாண்டர்டு 102 மி.மீ., உங்களது இப்ப 102.5. போர் கேஜ் போட்டு மேல, நடு, அடி மூணு இடத்திலும் குறுக்கும் நெடுக்கும் அளக்கணும். டேப்பர் (மேலுக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம்) 0.076 மி.மீ.யைத் தாண்டினாலோ, ஓவல் (குறுக்குக்கும் நெடுக்குக்கும் உள்ள வித்தியாசம்) 0.038 மி.மீ.யைத் தாண்டினாலோ ரிங் மட்டும் மாத்தறது வீண், சீக்கிரமே மறுபடி ஆயில் குடிக்கும். 103-க்கு போர் போட்டு 1.0 ஓவர்சைஸ் பிஸ்டன் ஏத்தலாம். அதுதான் கடைசி சைஸ், அப்புறம் ஸ்லீவ்தான் (போருக்குள்ள தனிக் குழாய் இறக்கறது).
கழட்டின கிராங்க் பேரிங்கோட முதுகில், கிராங்க்கை எவ்வளவு கிரைண்ட் பண்ணியிருக்குன்னு மி.மீ.யில் சைஸ் அடிச்சிருக்கும். 0.25, 0.50 இருந்தா கிராங்க்கை இன்னும் கிரைண்ட் பண்ணலாம். 1.0 இருந்தா கிராங்க்கை மட்டும் மாத்துங்க, அதுக்காக இன்ஜினையே தள்ளாதீங்க. கிரைண்டிங்கில் ஜர்னல் (பேரிங் உட்காருற இடம்) ஓரத்து வளைவு (ஃபில்லெட்) கூர்மையாப் போயிட்டா கிராங்க் அங்கதான் உடையும். பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, பேரிங் இடத்திலேயே சுழன்று, அது உட்காருற மெயின் போர் கெட்டிருந்தாலோதான் வேற இன்ஜின்.

டீசல் மெக்கானிக்:
பழைய இன்ஜின் வாங்கினா உள்ளே என்ன சைஸ்னு தெரியாது, நான் அதுக்குப் போக மாட்டேன். வாங்கித்தான் ஆகணும்னா பில், இன்ஜின் நம்பர் சரியா இருக்கணும். ஆர்டிஓவில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்க. அனுமதி இல்லாம மாத்தினா 14 நாளுக்குள்ள தெரிவிச்சு ஆர்சியில் ஏத்தணும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு.
எது செஞ்சாலும் ஏர் கிளீனருக்கு அப்புறம் வர்ற ஹோஸுக்குள்ள விரலை விட்டுத் தேய்ச்சுப் பாருங்க. மண் ஒட்டினா அந்த ஓட்டையை அடைக்காம புது ரிங் போட்டாலும் நிக்காது. முன் கியர் கேஸ் திறக்கும்போது டவல் பின்னை (கியர் கேஸைப் பொருத்துற சின்ன இரும்பு முளை) கழண்டு வராம தடுத்து வையுங்க, அது கழண்டு கியருக்குள்ள விழுந்தா மொத்தமும் போச்சு.

வண்டிக்காரர்:
கம்ப்ரசர் பைப்பைக் கழட்டிப் பார்த்தேன், புகை குறையலை. டர்போவில் ஆட்டமும் இல்லை.

லேத் பட்டறை:
அப்ப ரிங், போர்தான். ஹெட்டைத் தூக்கி ஆறு போரையும் அளந்து இங்க எழுதுங்க, பேரிங் முதுகு சைஸோட. அதுவரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.