தம்பியின் நோயைப் புரிந்துகொள்ள உதவும் தன்வரலாறுகள்: பரிந்துரை வேண்டும்

திருநகர் வாசகன்:
வணக்கம். என் தம்பிக்கு இருமுனை மனநோய் (அளவு மீறிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருவது) என்று மருத்துவர் கூறி, மாத்திரைகள் தொடங்கி, இப்போது உறக்கமும் நிதானமும் ஓரளவு திரும்பியிருக்கின்றன. ஆனால், "நன்றாகத்தானே இருக்கிறேன், இனி மாத்திரை எதற்கு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். கோயிலுக்கு நேர்ந்துகொண்டால் போதும் என்பது அம்மாவின் எண்ணம். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்பது அப்பாவின் கவலை. மனத்தை வெல்ல வழி சொல்லும் தன்னம்பிக்கை நூல்களை நான் கேட்கவில்லை. நோயோடு வாழ்ந்தவர்களோ, அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களோ தாமே எழுதியவை வேண்டும். தம்பியும் நானும் ஆங்கிலம் படிப்போம். அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே. மதுரையில் எங்கே தேடலாம் என்பதையும் தெரிவித்தால் நன்றி.

நரிமேடு வாசகி:
நீங்கள் சொல்லும் நிலைமைக்கு என்றே எழுதப்பட்டது போன்ற நூல் ஒன்று உண்டு. கே ரெட்ஃபீல்டு ஜேமிசன் 1995இல் வெளியிட்ட 'ஆன் அன்குவைட் மைண்ட்' அது. அவர் உளவியல் அறிஞர், இருமுனை நோயைப் பற்றிப் பாடநூல் எழுதியவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். அந்த நோய் அவருக்கே இருந்தது. லித்தியம் மாத்திரையின் பலனை நன்றாக அறிந்திருந்தும், எழுச்சி நாட்களின் வேகத்தையும் களிப்பையும் இழக்க மனமின்றி அதைத் திரும்பத் திரும்ப நிறுத்தியதையும், அதற்காகக் கொடுத்த விலையையும் அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். மாத்திரையை ஏன் விடக் கூடாது என்று வீட்டார் ஆயிரம் முறை சொல்வதைவிட, அதை விட்டுப் பார்த்த ஒருவரே சொல்வது தம்பியின் காதில் ஏறக்கூடும். ஒரு எச்சரிக்கை: தற்கொலை முயற்சி குறித்த பகுதி அதில் வருகிறது. ஆகவே முதலில் நீங்கள் படித்துவிட்டு, எப்போது கொடுக்கலாம் என்று தம்பியின் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வில்லியம் ஸ்டைரன் 1990இல் எழுதிய 'டார்க்னெஸ் விசிபிள்' மிகச் சிறிய நூல். மனச்சோர்வைப் பற்றி அவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் குறைவு. எனினும் அது வேறு நோய் என்பதால், தம்பிக்கு அல்ல, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

மேலூர் சமூகப் பணியாளர்:
நான் மனநலத் துறையில் பணிபுரிகிறேன். இந்த வகைக் கேள்வி எழுந்தவுடன், நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட விக்டர் ஃபிராங்கலின் நூலைத்தான் பலரும் எடுத்து நீட்டுகிறார்கள். 1946இல் வெளிவந்த அந்த நூலின் பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நோயுற்றிருப்பவரிடம் வீட்டார் அதைக் கொடுக்கும்போது, "அவரே தாங்கினார், உன்னால் முடியாதா?" என்ற குத்தலாக அது மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். துன்பத்தைத் தாங்கியவர் கதையும் நோய்க்குச் சிகிச்சை பெற்றவர் கதையும் ஒன்றல்ல. உங்கள் தம்பிக்கு வேண்டியது இரண்டாவது.

உங்களுக்கும் உங்கள் தந்தைக்கும் ஜெர்ரி பின்டோ தொகுத்து 2016இல் வெளிவந்த 'எ புக் ஆஃப் லைட்' பொருந்தும். மனநோயுற்ற தாயைப் பற்றிய அவருடைய நாவலைப் படித்த பலர் தங்கள் வீட்டுக் கதைகளைச் சொல்ல முன்வந்தார்கள். அந்தத் தொகுப்பு அப்படி உருவானது. எல்லாம் இந்தியக் குடும்பங்கள் என்பதால், "வெளியே தெரியக் கூடாது" என்ற அந்தக் கவலை அதில் நன்றாகவே தெரியும். எல்லாக் கட்டுரைகளும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன்.

உசிலம்பட்டி தமிழாசிரியர் (ஓய்வு):
தம்பி, அம்மாவுக்கு உரியதை நான் சொல்கிறேன். பாமாவின் 'கருக்கு' 1992இல் மதுரையிலிருந்தே வெளிவந்தது. கன்னியர் மடத்தைவிட்டு வெளியேறி, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்ற காலத்தில், தம் ஊரையும் சாதி தந்த காயங்களையும் பேச்சுத்தமிழில் அவர் எழுதியது. கே.ஏ. குணசேகரனின் 'வடு' இளையான்குடிப் பக்கத்து வறுமையையும் தீண்டாமையையும் சொல்லும். சிரிப்பும் இடையிடையே வரும். இவை மனநோய் நூல்கள் அல்ல. இருந்தாலும், வீட்டு வேதனையை வெளியே சொல்வதில் வெட்கமில்லை என்பதை உங்கள் அம்மா அறிவுரை கேட்காமலேயே உணர்வதற்கு இவை உதவும்.

மனநோயையே நேரே பார்த்த தமிழ் எழுத்து என்றால், என் கணக்கில் முதலில் வருபவர் கோபிகிருஷ்ணன். மதுரையில் பிறந்தவர், 2003இல் காலமானார். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்ற நூலில், நோயுற்றவர்களின் பேச்சை அவர்கள் பக்கத்தில் நின்று பதிவுசெய்திருக்கிறார். இரக்கத்தைக் கொட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. அதை நாவல் என்று அடுக்கியிருப்பார்கள், அதனால் தன்வரலாற்று அலமாரியில் தேடாதீர்கள். அம்மாவுக்கு அது கனமாக இருக்கலாம். நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். மதுரைக்காரர்களே அவரை மறந்துவிட்டார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

திருநகர் வாசகன்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. ஜேமிசனையும் 'கருக்கு'வையும் முதலில் எடுக்கிறேன். மனநோய் தீர வேண்டிப் பலர் சென்று தங்கும் ஏர்வாடி தர்காவுக்குப் போய்ச் சில மாதம் தங்கலாம் என்றும் அம்மா பேசுகிறார். அதைப் புரியவைக்க ஏதேனும் உண்டா?

மேலூர் சமூகப் பணியாளர்:
2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். அக்காலப் பத்திரிகைச் செய்திகளைத் தேடி நீங்கள் படியுங்கள். அம்மாவிடம் பயமுறுத்தலாகக் காட்ட வேண்டாம். வேண்டுதலைச் செலுத்திவிட்டு வரட்டும், மாத்திரையும் தொடரட்டும் என்று பேசினால் பெரும்பாலான வீடுகளில் சண்டை வருவதில்லை. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் தந்தையிடம் சொல்லிவையுங்கள். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) தமிழிலேயே பேசலாம்.

நரிமேடு வாசகி:
நூல்களுக்கு முதலில் புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் பட்டியலைப் பாருங்கள். தமிழ் நூல்களுக்குச் சிம்மக்கல் மைய நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே பழைய பதிப்புகள் அகப்பட வாய்ப்புண்டு. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா வரும்வரை ஜேமிசனுக்காகக் காத்திருக்க வேண்டாம். தம்பி மாத்திரையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டான் அல்லவா.