‘குளத்தங்கரை அரசமரம்’: மரத்தைக் குறியீடாக மட்டும் வாசித்தால் போதுமா?

கேள்வி:
வணக்கம். வ.வே.சு. ஐயர் 1915-இல் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ சிறுகதையின் தொனி, கருப்பொருள், குறியீடு ஆகியவற்றைப் பற்றி முதுகலை வகுப்புக்காகக் கட்டுரை எழுதுகிறேன். நான் பார்த்த உரைநூல் அரசமரத்தை மரபின் குறியீடு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. கதையைச் சொல்வதே அந்த மரம் என்னும்போது இந்த விளக்கம் போதவில்லை என்று தோன்றுகிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
தொனியிலிருந்து தொடங்குங்கள். மரம் பேசுவது ஊர்க் குழந்தைகளையெல்லாம் வளர்த்த ஒரு பாட்டியின் பேச்சு; கதைநாயகி ருக்மிணியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அந்தக் குரல் நெகிழ்கிறது. மறுமணத்துக்கு இசைவதுபோல் நடித்துக் கடைசி நேரத்தில் மறுத்துவிடலாம் என்ற அவள் கணவன் நாகராஜனின் திட்டம் மரத்துக்குத் தெரியும், ருக்மிணிக்குத் தெரியாது. தெரிந்தும் வாய்திறக்க முடியாமல் நின்றுகொண்டிருந்த ஒன்றுதான் பிறகு இந்தக் கதையை நமக்குச் சொல்கிறது. எல்லாவற்றையும் பார்த்தும் தடுக்க இயலாத சாட்சி என்ற பொருள் மரத்துக்கு இந்த நிலைமையிலிருந்தே கிடைக்கிறது. அரசமரம் புனிதமானது என்ற பொது நம்பிக்கையை மட்டும் வைத்து எழுதினால் அது எந்தக் கதைக்கும் பொருந்திவிடும்.

மறுமொழி 2:
கருப்பொருளுக்குப் பணத்தைப் பின்தொடருங்கள் என்பேன். 1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி நிறுவனம் முறிந்தது. கதையில் ருக்மிணியின் தந்தை காமேசுவரையர் தம் செல்வத்தை அதில்தான் இழக்கிறார்; அதன் பிறகே மாமியார் ஜானகியின் போக்கு மாறுகிறது, மகனுக்கு வேறு பெண் தேடும் பேச்சும் எழுகிறது. ‘பெண்ணின் துயரம்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, பிறந்த வீட்டுச் சொத்தோடு சேர்த்தே மருமகளின் மதிப்பும் கணக்கிடப்பட்டது என்று எழுதினால் கட்டுரைக்கு வலு கூடும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தாகூர் கதையோடு உள்ள ஒற்றுமையையும் சேர்க்க வேண்டுமா?

மறுமொழி 1:
கட்டாயம் சேர்க்க வேண்டும். தாகூரின் ‘காட்டேர் கதா’ (1884) கதையைப் படித்துறை சொல்கிறது. ருக்மிணி குளத்தில் மூழ்கி இறப்பதுபோல் அங்கும் குசும் என்ற இளம்பெண் நீரில் இறங்கி உயிர் விடுகிறாள். ஆனால் குசும் இளம் விதவை, ஒரு துறவியின்மேல் அவளுக்கு எழும் அன்பே அக்கதையை நகர்த்துகிறது. ஐயரின் கதையிலோ மனைவி இறந்தபின் கணவன் துறவியாகிறான். ஐயர் தாகூரிடமிருந்து கதையைக் கடன் வாங்கினாரா என்ற விவாதத்தில் இறங்காமல், துறவு ஒன்றில் துயரத்துக்குக் காரணமாகவும் மற்றொன்றில் அதன் விளைவாகவும் அமைந்திருப்பதை ஒப்பிட்டு எழுதுங்கள்.